விளக்கு அணைந்தால் சார்ஜ் ஏறிவிட்டதா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். அடிக்கடி கரண்ட் போவதால், கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்போனான நெக்பேண்டை இரவில் பவர் பேங்கில் சொருகிவிட்டுத் தூங்குவேன். காலையில் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும். சார்ஜ் முழுசாக ஏறிவிட்டது என்று நம்பி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால், பாதி மலை இறங்குவதற்குள் ‘பேட்டரி லோ’ என்கிறது. கீழே போய்ச் சேர்ந்ததும் ஆன் செய்தால் திரும்பவும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. முழு சார்ஜ் ஏறியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பவர் பேங்கில் போடுவதாகச் சொல்கிறீர்கள். கீழே இறங்கியதும் திரும்ப ஓடுகிறது என்கிறீர்கள். இந்த இரண்டிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் விளக்கு. இதில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வழக்கம் கிடையாது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் இயர்பட்ஸை வைக்கும் சார்ஜிங் பெட்டியில் ஆரஞ்சு எரிந்தால் இன்னும் ஏறவில்லை, பச்சை எரிந்தால் முடிந்தது. சோனியின் பெரிய ஹெட்போன்களில் சார்ஜ் ஏறும்போது ஆரஞ்சு எரியும், முடிந்ததும் அணையும். விலை குறைந்த நெக்பேண்டுகளில் சிவப்பு அணைந்துவிடும் அல்லது நீலமாக மாறும். நிறம் மாறுகிற வகையில் குழப்பம் இல்லை. அணைகிற வகைதான் ஏமாற்றும். பேட்டரி நிரம்பினாலும் அணையும், மின்சாரம் வராமல் நின்றாலும் அணையும்.

பவர் பேங்கில் நடப்பது இந்த இரண்டாவது கதை. லித்தியம் பேட்டரி ஆரம்பத்தில் ஒரே சீராக மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வாங்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும். கடைசிப் பகுதி ஏறுவது இப்படித்தான், மெதுவாக. ஆனால் பல பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ‘யாரும் சொருகியிருக்கவில்லை’ என்று முடிவுசெய்து தானாக நின்றுவிடும். செல்போனுக்கு இது பிரச்சினை இல்லை. நெக்பேண்டின் பேட்டரி சின்னது, அது ஆரம்பத்திலிருந்தே குறைவாகத்தான் இழுக்கும். அதனால் பவர் பேங்க் சீக்கிரமே கையை விரித்துவிடலாம். காதுக்குள் வைக்கும் இயர்பட்ஸ் பெட்டிகளுக்கும் இதே பாடுதான். சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் சின்னக் கருவிகளுக்கான முறைக்கு மாறும். உங்களுடையதில் அது உண்டா என்று பாருங்கள்.

நிரம்பியதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கு அணைந்த நெக்பேண்டைக் கழற்றி, சுவரில் இருக்கும் சாதாரண அடாப்டரில் சொருகுங்கள். சிவப்பு எரிந்து சில நிமிடத்தில் அணைந்தால் முழுசாக ஏறியிருக்கிறது. அரை மணி நேரமாகியும் எரிந்துகொண்டே இருந்தால் ராத்திரி ஏறியது பாதிதான்.

விளக்கு எரியவே இல்லையா? உடனே ‘ஃபுல்’ என்று முடிவுகட்ட வேண்டாம், கேபிளைப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் சில மலிவுக் கருவிகள் சார்ஜே ஏறாது. அடாப்டரிடம் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் சின்ன ரெசிஸ்டர்களைக் கம்பெனி மிச்சம்பிடித்திருக்கும். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி. ஆக இருக்கும் கேபிளைப் போட்டால் சரியாகிவிடும். பெட்டியோடு பெரும்பாலும் அதைத்தானே கொடுத்திருப்பார்கள்!

செல்போனின் ப்ளூடூத் பக்கத்தில் காட்டும் சதவீதத்தை ஓரளவுக்குத்தான் நம்பலாம். பல ஹெட்போன்கள் அளவைப் பத்துப் பத்தாகத்தான் அனுப்பும். அங்கே 100 என்று இருந்தாலும் உள்ளே 90-ஐத் தாண்டிய ஏதோ ஓர் அளவு இருக்கலாம். அப்புறம், பல நெக்பேண்டுகள் சார்ஜ் ஏறும்போது ப்ளூடூத்தை நிறுத்திவிடும். கழற்றி ஆன் செய்துதான் பார்க்க வேண்டும். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. மீட்டர் வாங்கலாம். கேபிளுக்கு நடுவில் சொருகினால் ஆம்பியரைக் காட்டும், அது கிட்டத்தட்ட சுழியத்துக்கு வந்ததும் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு நெக்பேண்டுக்காக இதை வாங்குவது அதிகப்படி என்றே நினைக்கிறேன்.

இனி குளிர். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், உள்தடை கூடும், வோல்ட்டேஜ் சரியும். கருவி அதைப் பார்த்து ‘லோ’ என்று சொல்லிவிடும். சூடானதும் வோல்ட்டேஜ் மீளும். மேட்டுப்பாளையத்தில் உங்கள் நெக்பேண்ட் எழுந்து உட்காருவது இதனால்தான். ஆனால் குளிரின் மேலேயே எல்லாப் பழியையும் போட முடியாது. நன்றாக நிரம்பிய புது பேட்டரி கோத்தகிரிக் காலைக் குளிருக்கு இவ்வளவு தள்ளாடாது. அரைகுறை சார்ஜ், வயதான பேட்டரி, இவற்றோடு குளிர் சேரும்போதுதான் இப்படி ஆகும்.

சார்ஜ் போடும் இடமும் முக்கியம். சோனி தன் ஹெட்போன்களை 15 முதல் 35 டிகிரிக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறது. டிசம்பர், ஜனவரியில் நம் ஜன்னல் திட்டு அந்தக் கணக்குக்குள் வராது. வீட்டுக்குள் தள்ளி, உடம்புக்கு இதமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். கணப்புப் பக்கத்தில் வேண்டாம், அதிகச் சூடு பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இரவில் காருக்குள் சார்ஜ் போட்டு விடுவதும் கூடாது. சுழியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. மஞ்சில் நனைந்து வந்த நெக்பேண்டின் சார்ஜிங் துளையை நன்றாக உலரவிட்ட பிறகே கேபிளைச் சொருகுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் அடாப்டரில் முழுசாக ஏற்றி, வீட்டுக்குள் நடுத்தர சத்தத்தில் ஓடவிட்டு நேரம் குறியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கில் பாதிகூட வரவில்லையென்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. மலிவு நெக்பேண்டில் பேட்டரியைச் சால்டர் செய்து ஒட்டியிருப்பார்கள், மாற்றக் கொடுக்கும் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம். தலையில் மாட்டும் பெரிய, விலை அதிகமான ஹெட்போன் என்றால் மட்டும் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.