பழைய கான்டெஸா வாங்கினால் ஸ்பேர் கிடைக்குமா?
சென்னை காசிமேட்டில் கடலோரம் வீடு, பழைய கான்டெஸா கிளாசிக் கார் வாங்கலாமா, ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள், அருமையான வண்டி. 2002-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் அதன் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் அம்பாசிடரிலும் வந்ததுதான். பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் சாமான் சிக்கும். லேசில் சிக்காதவை கண்ணாடி, டெயில் லைட், கதவு ரப்பர். இவை முழுசாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

அப்புறம் துரு. உப்புக்காற்று சும்மா விடாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளில் மண் அடைத்துக்கொண்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கும்; மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்திவிடுங்கள்.

கழற்றிய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதைக் கையில் கொண்டுபோனால்தான் கடைக்காரர் அளவு பார்த்து மாற்று எடுத்துத் தருவார். லேத்தில் புதிதாகக் கடையவும் அதுதான் மாதிரி.