மாதம் 1,230 ராண்ட்தானே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். கைக்கு வரும் சம்பளம் 16,000 ராண்ட். மகள் வரும் பிப்ரவரியில் பி.காம். சேருகிறாள், கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் 19,000 ராண்டுக்கு ஒரு கேமிங் டெஸ்க்டாப் பார்த்தோம். 24 மாதத் தவணை, மாதம் 1,230. சோபா வாங்கிய கடன் அக்கவுண்ட், மாதம் 640, இன்னும் ஓடுகிறது. "1,230தானே, எழுதிப் போடுங்க, என் பையனும் வந்து விளையாடுவான்" என்கிறார் மச்சான். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. சோபாவின் தவணையை எழுதியிருக்கிறீர்கள், அதன் விலையை எழுதவில்லை. "மாதம் எவ்வளவு" என்று மட்டும் கேட்கும் அந்தப் பழக்கம்தான் உங்கள் சம்பளத்தைக் கரைக்கிறது.

1,230ஐ 24ஆல் பெருக்குங்கள்: 29,520. பெட்டி விலைக்கு மேல் 10,500. அது முழுக்க வட்டி இல்லை. ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி சுமார் 5,400தான். கடன் தொடங்கும் கட்டணம் வாட் வரியோடு 1,200, மாதச் சேவைக் கட்டணம் 69 வீதம் 1,650, கடன் காப்புறுதி மாதம் 90 வீதம் 2,200 வரை. பாதிப் பணம் இப்படிப் போகிறது. இந்தக் கட்டணங்களெல்லாம் தேசிய கடன் சட்ட வரம்புக்குள் அடங்குபவை, சண்டை போட்டுப் பயனில்லை. காப்புறுதியில் மட்டும் வழி உண்டு: கடையின் பாலிசியை மறுத்து, உங்களிடம் உள்ள பொருத்தமான பாலிசியைக் கொடுக்கலாம். சோபா அக்கவுண்டுக்கும் இப்படி மாற்ற முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். இன்று மொத்தமாக அடைத்தால் எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

இது ஆகஸ்ட். அந்த 1,230ஐ ஜனவரி வரை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டால் 7,380 சேரும். கணக்கியல் படிப்புக்கு எக்செல், பிரவுசர், பி.டி.எஃப். ஓடினால் போதும், கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அலுவலகங்களிலிருந்து திரும்பிவந்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஒல்லிப் பெட்டி ஒன்றுக்கு 4,500 ஒதுக்குங்கள். 22 அங்குலத் திரைக்கு 1,600, மின்வெட்டைத் தாங்க 650 வி.ஏ. யு.பி.எஸ்.க்கு 1,000. மொத்தம் 7,100.

"ஐ5" என்ற பிராசசர் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்னால் வரும் எண் 8500 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 6500, 7500 பெட்டிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால்தான் அவற்றை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். ரேம் 16 ஜி.பி., எட்டு எட்டாக இரண்டு இருந்தால் நல்லது. சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. போதும், சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள பெட்டி வேண்டாம். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள்: செட்டிங்ஸில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா? வாரன்டி பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா?

ஒன்று மட்டும்: இந்த ஒல்லிப் பெட்டிகளின் பவர் சப்ளை சிறியது, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே நுழையவும் செய்யாது. பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று மச்சான் சொல்வார். முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.