வாசகர் கேள்வி – பதில்: கடன் கொடுத்த வங்கியைக் கேள்வி கேட்கலாமா?

குஜராத்தில் முந்த்ரா அனல்மின் நிலையத்தை எதிர்த்த மீனவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததாகப் படித்தேன். இழப்பீடு கிடைத்ததா?
– வாசகர், தூத்துக்குடி

வழக்கில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு கேள்வியில். டாடா குழுமத்தின் அந்த 4,150 மெகாவாட் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. பன்னாட்டு அமைப்பான தன் மீது வழக்கே போட முடியாது என்று அது வாதாடியது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. வழக்கு கீழே திரும்பியதும், பாதிப்புக்குக் காரணமான செயல்கள் அமெரிக்காவில் நடக்கவில்லை என்று 2020இல் தள்ளுபடியானது. 2021இல் மேல்முறையீடும் தோற்றது. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது.

நாம் படிக்க வேண்டியது தீர்ப்பைவிட, 2013இல் வெளிவந்த தணிக்கை அறிக்கையைத்தான். ஐ.எஃப்.சி. மீதான புகார்களை விசாரிக்கும் சி.ஏ.ஓ. அலுவலகம் எழுதியது அது. முந்த்ராவின் வாகேர் மீனவர்கள் வருஷத்தில் பாதிக்கு மேல் 'பந்தர்' என்னும் கடற்கரைத் திட்டுகளில் குடிசை போட்டுத் தங்குவார்கள், மழைக்காலத்தில் ஊர் திரும்புவார்கள். படகே இல்லாமல், அலை வற்றும் நேரத்தில் நடந்துபோய் வலை கட்டும் 'பகடியா'க்களும் அவர்களில் உண்டு. திட்டத்துக்கான ஆய்வில் இவர்களை ஒழுங்காகக் கணக்கில் எடுக்கவில்லை, இவர்களிடம் முறையாகக் கலந்து பேசவும் இல்லை என்றது சி.ஏ.ஓ.

வெந்நீர் விஷயத்தையும் கவனியுங்கள். கடல்நீரை இழுத்துக் நீராவியைத் திரும்ப நீராக்கும் கண்டென்சரைக் குளிரவைத்து, சூடேறிய நீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். இந்திய விதிப்படி அதனால் கடல்நீரின் சூடு இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. அளப்பது வெந்நீரைக் கடலில் விடும் கடைசி இடத்தில். உலக வங்கிக் குழுமத்தின் வழிகாட்டியில் வரம்பு 3 டிகிரி. அளப்பது வெந்நீர் கடலோடு கலக்கும் பகுதியின் விளிம்பில். அளக்கும் இடமே வேறு என்பதால் ஒன்றில் தேறுவது இன்னொன்றில் தேறியதாகாது. ஆழமில்லாத கரையில், கடல் வற்றும் நேரத்தில், சூடு சீக்கிரம் தணியாது.

உங்கள் ஊரில் இப்படி நிலையம் வரப்போகிறதென்றால், ஓடத் தொடங்கும் முன்பே அளக்க ஆரம்பியுங்கள். கரையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை கடல் ஏறும்போதும் வற்றும்போதும் சாதாரண தெர்மாமீட்டரால் அளந்து, அன்றைய மீன்பாட்டையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு முழு வருஷம் தேவை. இல்லாவிட்டால் பருவத்தால் வந்த மாற்றம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் எங்கள் ஊர் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். எங்கள் வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள்.
– வாசகி, கடலூர் மாவட்டம்

தவறான தகவல். நிலத்துக்குப் பணம் கிடைக்காது, உண்மை. ஆனால் அந்த வங்கி 2009இல் கொண்டுவந்த பாதுகாப்புக் கொள்கையின்படி, கெடு தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்தவருக்கு வீடு, கிணறு, மரம் போன்றவற்றுக்கு இழப்பீடும் இடம்பெயர உதவியும் தர வேண்டும். சென்னை – கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தில் சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைக்கு 2021இல் தந்த கடன் அந்தக் கொள்கைக் காலத்தது.

பட்டா இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் குடும்பக் கணக்கெடுப்பு தொடங்கும் நாளே கெடு தேதி. அன்று வீடு பூட்டியிருந்தால் பெயர் விடுபடும். வேலைக்கு வெளியூர் போனவர்கள் இப்படித்தான் கழன்றுபோகிறார்கள். ரேஷன் கார்டு, பழைய மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களோடு உடனே எழுத்தில் மனு கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

மதிப்பீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய வீடு என்று தேய்மானம் கழிப்பது பழக்கம். ஆனால் இந்தக் கொள்கையில் கழிக்கக் கூடாது. கணக்குக்காகச் சொல்கிறேன்: 400 சதுர அடி வீடு, அதே மாதிரி கட்ட இன்று சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால் 6 லட்சம் வர வேண்டும். 30 சதவீதம் தேய்மானம் கழித்தால் கைக்கு வருவது 4 லட்சத்து 20 ஆயிரம். குறைந்த 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தேய்மானம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இடிக்கும் முன் நான்கு பக்கமும், கடைக்கால், கூரை, கழிவறை உட்பட, படம் எடுத்து வையுங்கள். பணம் வருவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அதுவும் கொள்கை மீறல்.

வங்கிக்கே புகார் எழுதுவது எப்படி? தமிழில் எழுதலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

இலங்கையில் தமிழ் ஆட்சிமொழி. உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழிகளில் வரும் புகாரை ஆசிய வளர்ச்சி வங்கி ஏற்கிறது. குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். பெயரே இல்லாத மொட்டைக் கடிதம் எடுபடாது. கடன் கணக்கு மூடப்படும் தேதியிலிருந்து இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

பல புகார்கள் முதல் படியிலேயே நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். திட்டத்தை நடத்தும் வங்கிப் பிரிவிடம் முன்பே முறையிட்டதற்குச் சான்று இருக்காது. மாவட்ட அதிகாரியிடம் மட்டும் பத்து மனு கொடுத்திருந்தால் போதாது. முதலில் வங்கியின் திட்டப் பிரிவுக்கு எழுதி, பதிலையோ பதில் வராததையோ இணையுங்கள். பேசித் தீர்க்க வேண்டுமா, விதிமீறலை விசாரிக்க வேண்டுமா என்பதையும் குறிப்பிடுங்கள். லஞ்சப் புகாரை இதில் கலக்காதீர்கள்; அதற்கு வேறு அலுவலகம். ஐ.எஃப்.சி. கடன் என்றால் சி.ஏ.ஓ.வுக்கு ஒருவர் மட்டும் எழுதினாலே போதும், எந்த மொழியிலும் எழுதலாம்.

புகார் செய்தால் வங்கி விலகிவிடுமா? வேலை நிற்குமா?
– வாசகி, மதுரை

புகார் என்பது தடை உத்தரவு அல்ல. வங்கி விலகினாலும் வேலை நிற்கும் என்று சொல்ல முடியாது. குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அது நியமித்த தனி ஆய்வுக்குழு 1992இல் மறுகுடியமர்த்தல் சரியில்லை என்று அறிக்கை கொடுத்தது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்றது இந்திய அரசு. அணை உள்நாட்டுப் பணத்தில் எழும்பி 2017இல் திறக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு வங்கியின் விதியைக் காட்டிக் கேட்கும் பிடி அதற்கு வெகுமுன்பே போய்விட்டது.

அதனால் 'கடனை நிறுத்து' என்பதோடு மனுவை முடிக்காதீர்கள். விடுபட்ட குடும்பங்களின் பட்டியல், திருத்த வேண்டிய மதிப்பீட்டுத் தொகை, அளக்க வேண்டிய இடம், எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள்.