மாமியாரின் கர்ணனும் மருமகளின் கர்ணனும்

கேள்வி: தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் வந்த பழைய மகாபாரதத் தொடரின் ரசிகை நான். கர்ணனாக நடிக்கவே பிறந்தவர் பங்கஜ் தீர் என்று ஒரு விசேஷ வீட்டில் சொன்னேன். 2013-இல் வந்த புதிய தொடரைத் தமிழில் பார்த்த என் மருமகள், “அதெல்லாம் நாடக செட் அத்தை” என்று உறவினர் நடுவே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சு குறைந்துவிட்டது. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் வாதத்தைப் பார்ப்போம். மறைந்த பங்கஜ் தீர் முதலில் தேர்வானது அர்ஜுனன் வேடத்துக்கு. அர்ஜுனன் பெண் வேடத்தில் பிருகன்னளையாக வரும் பகுதிக்காக மீசையை எடுக்கச் சொன்னபோது மறுத்து, அதனாலேயே வாய்ப்பை இழந்து, பின்னர் கர்ணனாக அழைக்கப்பட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பீமனாக நடிக்கக் கேட்கப்பட்ட புனித் இஸ்ஸார், துரியோதனன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பீமனாக வந்த பிரவீண் குமார் சோப்தியோ 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிதலில் தங்கம் வென்றவர். நடிகர் தேர்வைக் கவனித்த கூஃபி பைண்டல்தான் சகுனியாகவும் நடித்தார். பகடை திரைக்குப் பின்னாலும் அவர் கையில்தான் இருந்திருக்கிறது! அந்த மீசை மட்டும் போயிருந்தால், அர்ஜுனனாக நடிக்கவே பிறந்தவர் என்று நீங்கள் இன்று அவருக்காக வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

அதற்காக உங்கள் மருமகளின் தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. நீங்கள் இருவரும் பார்த்தவை ஒரே வகையான தொடர்கள் அல்ல. 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை வாரம் ஒன்றாக 94 பகுதிகள், அதுவும் இந்தியில் வந்தன. நம்மில் பலர் வசனம் புரியாமல், கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டறிந்த கதையை வைத்துக்கொண்டு, நடிகரின் கண்ணையும் குரலின் ஏற்ற இறக்கத்தையுமே பிடித்துக்கொண்டு பார்த்தோம். முகேஷ் கன்னாவின் பீஷ்மர் நம் மனத்தில் தங்கியதற்கு அந்தக் கனத்த குரலும் ஒரு காரணம். உங்கள் மருமகள் பார்த்ததோ 267 பகுதிகள் கொண்ட தொடரின் தமிழாக்கம். அவள் ரசித்த கர்ணனின் முகம் அஹம் ஷர்மாவுடையது, குரலோ தமிழில் பேசிய வேறொரு கலைஞருடையது. வசனம் முழுவதும் புரிந்து பார்த்தவளுக்கு, காட்சிகள் நிதானமாக நகரும் பழைய தொடர் மேடை நாடகமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. போர்க்களத்தில் அம்புகள் மோதும் தந்திரக் காட்சிகள் இன்று பார்க்கச் சற்றுப் பரிதாபமாக இருப்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் செட்டின் குறையை நடிகரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

உங்களை வருத்தியது கர்ணன் அல்ல, நாலு பேர் முன்னால் எழுந்த அந்தச் சிரிப்பு என்றே எனக்குப் படுகிறது. அதைத் தனியாக, கோபமில்லாத ஒரு வேளையில், “அன்று எனக்குச் சங்கடமாக இருந்தது” என்ற அளவில் மருமகளிடமே சொல்லிவிடுங்கள். மகன் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். பிறகு, கர்ணன் அங்க நாட்டு அரசனாக முடிசூடும் அரங்கேற்றக் காட்சியை இரண்டு தொடர்களிலும் எடுத்து, இருவரும் சேர்ந்து பாருங்கள். மீசைக் கதையை அதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது. உங்கள் கட்சிக்கு எதிரான சான்றை நீங்களே எடுத்துக் கொடுத்தால், அவளும் தன் கர்ணனை நிதானமாக எடைபோடுவாள்.