துளிர் விடும் பருவம்: தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: வசந்தம் பிறந்ததும் ரோஜா நன்றாகத் துளிர்த்தது. இப்போது துளிர் நுனியெல்லாம் பச்சைப் பூச்சி, இலை சுருள்கிறது. எறும்பும் மொய்க்கிறது. எறும்பால் வந்த வினையா?

பதில்: எறும்பு காவலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நுனியில் அப்பியிருப்பது அசுவினி. அது துளிரின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையை ஒட்டும் கசிவாக வெளியேற்றும். அந்த இனிப்புக்காகத்தான் எறும்பு அதைக் காக்கிறது. வசந்தத்தில் அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போடத் தொடங்கிவிடும். நாலைந்து தெரியும்போதே கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

முதல் வைத்தியம் தண்ணீர். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. அதற்கும் அடங்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெயை 1 மி.லி. சோப்புத் திரவத்தில் குழைத்த பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். அது திட்டாக விழும் இடத்தில் இலை கருகும். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள், 7 நாள் கழித்து மறுமுறை. விரிந்த பூவில் மட்டும் வேண்டாம், தேனீ வந்து உட்காரும் இடம் அது.

கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஊரும் புழுவைக் கண்டால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்று வளர்வது. அது இருக்கும் செடிக்கு மருந்தே தேவையில்லை. யூரியாவையும் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் துளிர் கொழகொழவென்று வளரும். அசுவினிக்கு அதுதான் விருந்து.

கேள்வி: மாமரத்தின் புது இலைகள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகின்றன. நோயா?

பதில்: இல்லை. பச்சையம் முழுதாக உருவாகும் வரை, கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பது அந்தச் சிவப்பு நிறமிதான். இலை முற்றும்போது தானே பச்சையாகி நிமிரும். முற்றிய இலை சிவந்தாலோ ஓரம் கருகினாலோதான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: தொட்டி மாற்றவும் கவாத்து செய்யவும் (கிளை வெட்டவும்) எந்தத் தேதி சரி?

பதில்: தேதியைப் பார்க்காதீர்கள், கிளையில் துளிர் கிளம்பும் கணுவைப் பாருங்கள். பகல் நீண்டு மண் சூடேறும்போது கணு பருக்கும். பருத்து, இலை இன்னும் விரியாத அந்தச் சில நாள்தான் நல்ல நேரம். இலை விரிந்தபின் வேரைக் கலைத்தால், அறுந்த வேரால் இலைக்கு வேண்டிய நீரைத் தர முடியாமல் செடி வாடும்.

கவாத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். அதிகம் விட்டால் குச்சி காய்ந்து கீழிறங்கும். ஒட்ட வெட்டினால் கணுவே காய்ந்துவிடும். புதுத் தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலம் இருந்தால் போதும். மிகப் பெரிதானால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து வேரை அழுகவைக்கும். மாற்றியதும் ஒரு வாரம் நிழல். உரம் 4 வாரம் கழித்துத்தான்.