கியூஎமுவில் ‘கல்முனை:பாடம்1.படம்’ ஏன் திறக்குதில்லை?

கியூஎமு (QEMU) என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் எமுலேட்டர். அதற்குக் கொடுக்கும் வட்டுப் படிமக் கோப்பு இருக்கிறது, அனுமதியும் சரி. ஆனாலும் லினக்ஸில் ‘தெரியாத புரொட்டோகோல் கல்முனை’ என்று பிழை வருகிறதென்றால் காரணம் அந்த முக்காற்புள்ளிதான். பெயரில் முதல் சாய்கோட்டுக்கு (/) முன் ‘:’ கண்டால், அதற்கு முன்னுள்ளதைக் கியூஎமு புரொட்டோகோலாக, அதாவது படிமத்தை அணுகும் வழிமுறையின் பெயராக, எடுத்துக்கொள்ளும். ‘./கல்முனை:பாடம்1.படம்’ என்று கொடுங்கள். சாய்கோடு முந்திவிடுவதால் சாதாரணக் கோப்பாகவே திறக்கும். முழுப் பாதை கொடுத்தாலும் சரி.

காற்புள்ளி வேறு தொல்லை. கட்டளையில் டிரைவ் (-drive) தெரிவுகளைப் பிரிப்பதே அதுதான். ‘மட்டக்களப்பு,2.படம்’ என்ற பெயரை ‘மட்டக்களப்பு,,2.படம்’ என இரட்டித்து எழுதவேண்டும். மேற்கோள்குறி உதவாது, அதைக் கட்டளையை வாசிக்கும் ஷெல்லே கழற்றிவிடும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது மூலப்படிமத்தில், அதாவது மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் மேற்படிமம் சார்ந்திருக்கும் அடிப்படைப் படிமத்தில். கியூகவ்2 (qcow2, கியூஎமுவின் படிம வடிவம்) மேற்படிமம் ‘/தரவு/அம்பாறை/’ இல் இருந்து, அதற்குள் ‘மூலம்.படம்’ என்று மட்டும் பதிந்திருந்தால், தேடல் நடப்பது அம்பாறை அடைவில். நீங்கள் கட்டளை அடித்த அடைவில் அல்ல. மேற்படிமத்தை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் சங்கிலி அறுந்துவிடும்.

சொந்தமாக எமுலேட்டர் எழுதுபவர்கள் நீளத்தை எழுத்தில் எண்ணாதீர்கள், பைட்டில் எண்ணுங்கள். ‘மட்டக்களப்பு’ யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 36 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) கோப்புமுறைமையில் கோப்புப்பெயருக்கு 255 பைட்டும், கியூகவ்2 தலைப்பில் மூலப்படிமப் பெயருக்கு 1023 பைட்டும்தான் எல்லை.