பழைய வீட்டின் பரணை எப்படிக் காலி செய்வது? அத்தை ஊருக்குப் போயிருக்கும்போது செய்துவிடலாமா?

கேள்வி: மதுரையில் கணவரின் பெற்றோருடன் பழைய வீட்டில் வசிக்கிறோம். பரணும் சாமான் அறையும் நிறைந்து, இப்போது கட்டிலுக்கு அடியிலும் மூட்டைகள் சேர்ந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது? அத்தை எதையும் கழிக்க விடமாட்டார். அவர் ஊருக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து வேண்டாதவற்றை எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் வெளியேறிய ஒரு கரண்டிகூட அடுத்த பத்தாண்டுக்கு வீட்டில் எழும் ஒவ்வொரு பேச்சிலும் தலைகாட்டும். அதைவிடப் பெரிய இழப்பு, எந்தப் பாத்திரம் யார் வீட்டிலிருந்து வந்தது, எது யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான். அவரை உடன் வைத்துக்கொண்டால்தான் உங்கள் வேலை பாதியாகும்.

தெற்கு மாரட் வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டைக் காலி செய்து ஆனையூர்ப் பக்கம் குடிவந்தபோது, மூன்று தலைமுறைச் சாமான்களைப் பிரித்து அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இது வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு பரணில் ஏறினால் வேலை நடக்காது. இந்த வீட்டை விட்டுப் போனால் இது எங்கே, யாரிடம் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு ஏறினால் நடக்கும். நம் வீடுகளில் அடைந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி நாம் ஆசைப்பட்டு வாங்கியவை அல்ல. சீராகவும் அன்பளிப்பாகவும் தாம்பூலமாகவும் வந்தவை. வந்த வழியில் ஒரு மனிதர் நிற்பதால், போகிற வழியிலும் ஒரு மனிதரையோ ஒரு கோயிலையோ காட்டினால்தான் பெரியவர்களுக்கு மனம் வரும்.

பாத்திரங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். எங்கள் பரணிலிருந்து இறங்கிய பித்தளை அண்டாவின் விளிம்பில், உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிய எழுத்துகளில், கொடுத்தவரின் தலைப்பெழுத்து, பெயர், ஊர், தேதி எல்லாம் இருந்தன; புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. எங்கள் அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணே செஞ்ச சீரும்மா இது, இதப் போயி எடைக்குப் போடச் சொல்றியே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயர் வெட்டிய பாத்திரம் பழைய பாத்திரக்கடையில் தொங்குவதைக் கொடுத்தவர் வீட்டார் யாராவது பார்த்துவிட்டால், அந்த மனக்கசப்பு அடுத்த விசேஷத்தில் பந்தலுக்குள்ளேயே வெடிக்கும். ஆகவே அதை எடைக்குப் போடவில்லை, உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கொடுத்தோம். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடும்போது பொங்கலுக்கும் சோற்றுக்கும் பெரிய பாத்திரங்கள் எப்போதும் போதாமல்தான் இருக்கும். அண்டாவில் அத்தையின் அண்ணன் பெயர் அப்படியே இருக்கிறது. வருடம் ஒரு முறை அடுப்பிலும் ஏறுகிறது. அன்று முதல் அத்தையே அடுத்த பாத்திரம் யாருக்கு என்று சொல்லத் தொடங்கினார். சிறிய குத்துவிளக்கையும் சொம்புகளையும் அவரவர் மகள்வழிப் பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

பெயர் இல்லாத பித்தளையை விற்பதில் தயக்கம் தேவையில்லை, ஆனால் கவனம் தேவை. பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் ஒரே தட்டில் நிறுத்த விடாதீர்கள். செம்புக்கும் வெண்கலத்துக்கும் பித்தளையைவிட விலை அதிகம். விளிம்பில் விரலால் சுண்டிப் பார்த்தால் பித்தளையின் ஓசை சட்டென்று அடங்கிவிடும், வெண்கலம் சிறிது நேரம் ரீங்கரிக்கும். உங்கள் அத்தைக்கு இது கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு அசலாக இருந்தால் அது வெள்ளீயம். காரீயத்தின் விலைக்கு அதைக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். வேலைப்பாடு உள்ள பழைய உருளி, தூக்குவாளி போன்றவற்றை எடைக்குப் போட்டால் செய்கூலி முழுவதும் போய்விடும் என்பதால், முதலில் சொந்தத்துக்குள் கேட்டுப் பாருங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பித்தளைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வெள்ளீயம் பூசாமல் மட்டும் அதில் சமைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

எதை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதற்கு மதுரைக்காரர்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று உங்கள் வீட்டில் எத்தனை பேர் தங்குகிறார்களோ, அத்தனை தட்டு, டம்ளர், பாய், தலையணை போதும். வருடத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் வீட்டுக்குள் வருவதில்லை. வந்தால் அது கல்யாணமாகவோ காதணி விழாவாகவோ இருக்கும், அதற்கு வாடகைப் பாத்திரக்கடை இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மெத்தைகளில் போடி இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கட்டியாகிப்போன பஞ்சை அடித்து, உறை மாற்றித் தைத்துக்கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளம் விழுந்த ஸ்பாஞ்சு மெத்தைக்கு அந்த வழி இல்லை.

துணிகளில் பட்டுச்சேலைக்கு மட்டும் நேரம் செலவிடுங்கள். மடிப்பிலேயே இற்றுப்போன சேலையாக இருந்தாலும், சரிகை அசலாக இருந்தால் அதில் வெள்ளி இருக்கிறது. சரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் நடுவே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளை நூல் தெரிந்தால் அது பெரும்பாலும் போலிச் சரிகை. தெருவில் கூவி வருபவரிடம் கொடுக்காமல், பழைய பட்டு வாங்கும் கடைகள் இரண்டில் விலை விசாரித்துவிட்டுக் கொடுங்கள். நைந்த சுங்குடிச் சேலைகளை வேண்டாத துணிகளோடு கட்டிவிடாதீர்கள். தூளிக்கும் பிள்ளைத் துணிக்கும் அவற்றை அடித்துக்கொள்ள வேறு துணி இல்லை, குடும்பத்தில் யாராவது ஒருத்தி எப்போதும் மாசமாக இருப்பாள். மற்ற துணிகளில் நல்லவற்றைத் துவைத்து மடித்துக் கொடுங்கள், கிழிந்தவை கரித்துணி.

மின்சாதனங்கள் ஏறக்குறைய எல்லாப் பரணிலும் உண்டு. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும், சொந்தமாக வாங்கிய சாமான் ஓடிக்கொண்டிருந்ததால் அட்டைப்பெட்டியோடு மேலே ஏறியிருக்கும். ஓடுகிறவற்றை வேலைக்கு வரும் அம்மாவிடமோ, வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடமோ கேட்டுப் பாருங்கள். ஓடாதவை, ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்காரரிடம் போகலாம். ஆனால் பழைய பெட்டி டிவியை மட்டும் அப்படிக் கொடுக்காதீர்கள். அந்தப் படக்குழாயின் கண்ணாடியில் காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைத்துவிட்டு, கண்ணாடியைக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டுப் போவது சுற்றுவட்டாரத்தில் கண்ணால் காணும் காட்சி. புதிய டிவி வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதோ, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதோ நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரியையும் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். உடைந்த டியூப்லைட், காலாவதி மருந்து, பெயின்ட் டப்பா ஆகியவை திடக்கழிவு விதிகளின்படி தனியாகத் தர வேண்டிய அபாயகரமான கழிவுகள். தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனிப் பையில் கொடுங்கள். கையுறை இல்லாமல் குப்பையைப் பிரிப்பவர்களின் கையில்தான் அவை படும்.

காகிதங்களில் மூலப்பத்திரம், பட்டா, பழைய வில்லங்கச் சான்று ஆகியவற்றை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். இணையத்தில் நகல் கிடைக்கிறது என்பது மூலத்தைக் கழிக்கக் காரணமாகாது. மொய் நோட்டும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் அது பத்திரத்துக்குச் சமம், எத்தனை வருடம் கழித்தும் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அதில் இருக்கிறது. மின்கட்டண ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை, நாள்காட்டி அட்டை எல்லாம் போகலாம். ஆதார் நகலும் வங்கிக் கணக்குத் தாளும் கிழிக்காமல் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. வடை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் சம்பள விவரத்தை நான் முழுதாகப் படித்திருக்கிறேன்.

எல்லோரும் தயங்கி நிற்கும் இடம் சாமி படங்கள். குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவதும், வைகையில் விட்டுவிட்டு வருவதும் வழக்கமாகிவிட்டது. வெயிலிலும் சாக்கடையிலும் அவை கிடக்கும் கோலத்தைப் பார்த்தால் அதை மரியாதை என்று சொல்ல முடியாது. கண்ணாடி உடைந்த படம் வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்களே சொல்வார்கள் என்பதால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே கழற்றி, கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடலாம். வெறும் காகிதப் படங்களை மஞ்சள் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கால்படாத இடத்தில் குழி தோண்டி மூடிவிட்டோம். முதலில் முகம் சுளித்த அத்தைதான் மஞ்சளைக் கரைத்தார். பிளாஸ்டிக் பூச்சு உள்ள படம் கரையாது. அதைத் தேவைப்படுபவருக்குக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும். எடுத்துப்போக ஆளும் கிடைக்காது, வெளியே போட அத்தையும் சம்மதிக்கமாட்டார். இடம் இருந்தால் கொல்லையிலேயே விட்டுவிடுங்கள். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது என்றால் ஆடி மாதத்தைச் சொல்வேன். போகிக்கு முன் வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அவசரத்தில் எல்லாம் தெருவில் எரிந்து புகையாகத்தான் போகும். ஆடியில் விசேஷம் இல்லை, உறவினர் வரவு குறைவு, உட்கார்ந்து பேச அத்தைக்கும் நேரம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாக்கு மட்டும் இறக்குங்கள். இறக்கியது அன்று மாலைக்குள் உரிய இடத்துக்குப் போகாவிட்டால் மறுநாள் காலையில் அது மறுபடியும் பரண் ஏறிவிடும். ஆடித் தள்ளுபடி விளம்பரம் வரும் வாரங்களில் மட்டும் கடைவீதிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.